பழுத்த பந்தலில் பெய்த மழை

டீச்சர்,

இன்று காலை உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில், கழிப்பறைச் சுவரில் உங்கள் பெயரைப் பார்த்தேன். விருதுக்குப் பிறகு அடித்த புதுப் போஸ்டர். பசை இன்னும் காயவில்லை. மைதா மாவு புளித்த வாடை அடித்தது. துப்பாக்கி பிடித்த ஒரு நடிகர், அவர் தோளில் சாய்ந்தபடி தோல் சட்டை போட்ட ஒரு பெண், பின்னால் மின்னல். எல்லாவற்றுக்கும் அடியில் 'விருது பெற்ற அறிவியல் புனைகதையைத் தழுவியது' என்று ஒரு வரி. அதற்கும் கீழே, கடுகு அளவில் நீங்கள். குனிந்து படிக்க வேண்டியிருந்தது. அந்த இடத்தில் குனிந்து நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தச் சுவருக்கு எதிரேதானே நாம் இருவரும் வேலை பார்த்த காலம் முழுக்க நின்றோம்? நீங்கள் ராயப்பன்பட்டியிலிருந்து வந்து இறங்குவீர்கள். நான் வீட்டிலிருந்து நடந்து வருவேன். இரண்டு பேரும் சேர்ந்து சின்னமனூர் பஸ் பிடிப்போம். நீங்கள் தமிழ், நான் கணக்கு. பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சருக்கும் கணக்கு டீச்சருக்கும் பேச ஒன்றும் இருக்காது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். நாம் பேசியது அவர்களுக்குத் தெரியாது. "டீச்சர், மேகத்துக்கு எடை உண்டா?" என்றுதான் நீங்கள் முதன்முதலாக என்னிடம் கேட்டீர்கள்.

"உண்டு."

"எம்புட்டு இருக்கும்?"

கொடியில் காயும் ஈரச் சேலையை உதாரணம் சொன்னேன். காய்ந்த சேலைக்கும் ஈரச் சேலைக்கும் உள்ள வித்தியாசம்தான் தண்ணீர். அதேபோல ஒரு மலை நீளத்துக்கு ஒரு சேலையை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நீங்கள் ஜன்னல் வழியாக மேற்கு மலையைப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். சின்னமனூர் வந்த பிறகும் இறங்க மறந்து உட்கார்ந்திருந்தீர்கள். கண்டக்டர் வந்து, "என்ன டீச்சர், இன்னிக்கு ஸ்கூலு மேகத்துலயா?" என்றார்.

அப்படித்தான் 'மேகக் குத்தகை' பிறந்தது. கேரளப் பக்கத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் வரும்போது மேகத்தில் மிச்சம்மீதிதான் இருக்கும். அந்த மிச்சத்தையும் மலை உச்சியில் வலை கட்டிப் பிடித்து, மணிக்கு இவ்வளவு என்று மழையை விற்கிற ஒரு கம்பெனி வருகிறது. அது உங்கள் கற்பனை. அந்த வலைகளைக் கழுவித் துடைக்கிற ஒப்பந்தக் கூலி சவரியம்மா. ஐம்பது வயது, புருஷன் இல்லை, குத்தகைக்கு எடுத்த சிறு திராட்சைத் தோட்டம் ஒன்று உண்டு. விண்கலத்தில் போகிற கதாநாயகர்களைப் பற்றி எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தபோது, வருங்காலத்திலும் யாராவது பெருக்கித் துடைக்கத்தானே வேண்டும் என்று கேட்டவர் நீங்கள்.

பஸ்ஸில் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் சொல்வீர்கள். தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். "அந்தக் கம்பெனிக்காரன் நாசமாப் போக" என்று ஒருத்தி சாபம் விடுவாள். "ஏத்தா, கதைக்கா சாபம் விடுற?" என்று இன்னொருத்தி சிரிப்பாள். கவாத்து முடிந்து எத்தனை நாளில் பூ வரும், காய் எப்போது நிறம் மாறும் என்றெல்லாம் அவர்களிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வீர்கள். உங்களுக்கே தெரியும், திராட்சைப் பந்தலுக்குக் கீழே வளர்ந்தவர்தானே. ஆனாலும் கேட்பீர்கள். "தெரிஞ்சதுலதான் டீச்சர் தப்பு வரும்" என்பீர்கள்.

கடைசி அத்தியாயத்தை மட்டும் பஸ்ஸில் சொல்லவில்லை. அதை என் வீட்டுச் சமையலறையில் வைத்துச் சொன்னீர்கள். நோன்புக் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

சவரியம்மா வலைகளை அவிழ்த்துவிடுகிறாள். எல்லா வலைகளையும், ஒரே நேரத்தில். பள்ளத்தாக்கில் நாற்றங்கால்கள் கருகிக் கிடக்கின்றன. குடத்தை வைத்துக்கொண்டு ஊர் அடித்துக்கொள்கிறது. அவள் அவிழ்க்கிறாள், மழை வருகிறது, ஊரே தெருவில் இறங்கி நனைகிறது. ஆனால் அவளுடைய தோட்டத்தில் அது அறுவடைக்கு முந்திய வாரம். பழுத்த திராட்சையின் மேல் மழை விழுந்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். தோல் வெடிக்கும், சாறு வழியும், குளவி மொய்க்கும், ஒரு ராத்திரியில் பந்தல் முழுக்கப் புளித்துப் போகும். அதைத் தெரிந்தே அவள் அவிழ்க்கிறாள். ஊர் நனைந்து ஆடும்போது அவள் தன் பந்தலுக்குக் கீழே போய் உட்கார்கிறாள். 'முதல் பழம் வெடித்தபோது சவரியம்மா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அடுத்ததற்குக் காத்திருந்தாள்.' அதோடு நாவல் முடிகிறது.

சொல்லி முடித்துவிட்டு, "எங்கப்பா இப்படித்தான் டீச்சர் உக்காந்திருந்தாக" என்றீர்கள். நீங்கள் ஆறாவது படிக்கும்போது அப்படி ஒரு மழை. பள்ளிக்கூடத்தில் மழையைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் கூத்தடித்தீர்கள். நீங்களும் ஆடினீர்கள். வீட்டுக்கு வந்தால் அப்பா பந்தலுக்குக் கீழே, நனைந்த துண்டோடு. அதற்குப் பிறகு உங்கள் வீட்டில் அந்தத் தோட்டம் இல்லை. அன்று ஆடியதை நீங்கள் மறக்கவே இல்லை. அந்த ஒரு அத்தியாயத்துக்காகத்தான் மற்ற எல்லா அத்தியாயங்களையும் எழுதினீர்கள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சென்னையில் ஒரு பதிப்பகம் போடுவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை. மறுநாள் பஸ்ஸில் பதிப்பாளர் பேசியதை நீங்கள் அப்படியே பேசிக் காட்டினீர்கள். "முடிவை மட்டும் மாத்திக் குடுங்கம்மா. மழை வந்துச்சு, எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க. அவ்வளவுதான்."

"அப்ப சவரியம்மா தோட்டம் என்னாகும்னு கேட்டேன் டீச்சர். அதை யாரும்மா கேக்கப் போறாங்கன்னு சொல்றாரு. எங்கப்பா கேப்பாகல்ல?"

அப்பா இறந்து வெகுநாள் ஆகியிருந்தது.

முடிவை மாற்றவில்லை. கம்பத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு அச்சகத்தில் கொடுத்தீர்கள். அச்சகத்துக்காரர், "டீச்சர், மேல பிள்ளையார் சுழியா, சிலுவையா, எதப் போடணும்?" என்றார். "மேகம் போடுங்க" என்றீர்கள். மேகம் காலிஃபிளவர் மாதிரி வந்தது. அந்தப் புத்தகத்தைத்தான் எல்லாக் கல்யாணத்துக்கும் பரிசாகக் கொடுத்தீர்கள். எவர்சில்வர் பாத்திரம் எதிர்பார்த்தவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார்கள். "தூக்குச்சட்டி குடுத்தா தண்ணியாவது மொள்ளலாம்" என்று உங்கள் நாத்தனாரே சொன்னதாகச் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள்.

பெரியகுளத்தில் ஒரு இலக்கியக் கூட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள், நினைவிருக்கிறதா? மேடையில் இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சிறுவர் பகுதியா?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "திராட்சைத் தோட்டத்துல என்னங்க விஞ்ஞானம்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். திரும்பி வரும்போது, தேனி தாண்டியதும், கைப்பையிலிருந்து ஒரு பேப்பர் துண்டை எடுத்தீர்கள். எங்கோ வெளிநாட்டில், இந்த மாதிரிக் கதைகளுக்கென்றே ஒரு விழா நடந்த செய்தி. "அங்கன இதுக்குன்னு தனியா மேடை போட்டு விருது குடுக்காக டீச்சர். படமா எடுக்காக. ஜனம் ராத்திரியெல்லாம் வரிசையில நின்னு பாக்குது." பொறாமையாகச் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் மழை பெய்கிறது என்று கேள்விப்பட்ட விவசாயி மாதிரி சொன்னீர்கள்.

இங்கேயும் பெய்தது, டீச்சர். நீங்கள் போன பிறகு.

எப்படி என்று கேட்பீர்கள். யாரோ ஒரு பெண், பழைய புத்தகக் கடையில் உங்கள் காலிஃபிளவர் மேகத்தைக் கண்டெடுத்து, அழுதுகொண்டே அதைப் பற்றிப் பேசிச் செல்போனில் படம் பிடித்துப் போட்டாள். லட்சம் பேர் பார்த்தார்களாம். அதில் ஒருவர் சினிமாக்காரர். உங்கள் மகனைத் தேடிப் பிடித்தார். படம் வந்தது, அதே கையோடு, எந்தப் பதிப்பகம் அன்றைக்கு வேண்டாம் என்றதோ அதுவே புத்தகத்தைப் பளபளவென்று மறுபதிப்புப் போட்டது, பின்னாலேயே ஒரு அமைப்பு விருது அறிவித்தது. டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்ட பிள்ளைக்கு முதல் பரிசு என்று பிரேயரில் வாசித்தால் எப்படி இருக்கும்? வரிசையில் நிற்கிற மற்ற பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதுபோலத்தான் பேப்பரில் உங்கள் போட்டோவைப் பார்த்தேன்.

படத்துக்கு மருமகளோடு தேனிக்குப் போனேன். சவரியம்மாவுக்கு இருபத்திரண்டு வயது ஆகியிருந்தது. பெயர் தாரா. அதைக்கூட விடுங்கள். சினிமாவுக்கு முகம் வேண்டும், பாட்டு வேண்டும், எனக்குப் புரிகிறது. ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு கதாநாயகர் வலையை அறுக்கிறார், அதையும் விடுங்கள். மழை வருகிறது. தாரா தன் தோட்டத்துக்கு ஓடுகிறாள். பந்தல் முழுக்கக் கருநீலக் குலைகள், நன்றாகப் பழுத்து, கைக்கெட்டும் உயரத்தில். அதற்குக் கீழே நின்று அவள் மழையில் ஆடுகிறாள். ஊரே வந்து சேர்ந்து ஆடுகிறது. ஒரு கிழவர், உங்கள் அப்பா வயது இருக்கும், துண்டைச் சுழற்றிக்கொண்டு ஆடுகிறார். நனைந்த பழத்தைப் பறித்து ஒருவருக்கொருவர் ஊட்டிவிடுகிறார்கள்.

என் பின்சீட்டில் இரண்டு பேர்.

"ஏலே, அங்கன பாரு. பழுத்த தோட்டத்துல மழ கொட்டுது, இவ ஆடுறா."

"வெல கெடைக்கலேன்னு ஆடுறாளோ என்னமோ."

"எங்காத்தாவா இருந்தா இந்நேரம் மண்ணுல உருண்டிருக்கும். யாருலே இதை எழுதுனது?"

"ராயப்பன்பட்டி டீச்சரு ஒருத்தவுக. பேரு போட்டாகள்ல."

"தோட்டத்துப் பக்கமே எட்டிப் பாத்ததில்ல போல. பாட்டுல கேட்டு எழுதியிருக்காக."

தியேட்டரே சிரித்தது, டீச்சர். மெட்ராஸில் கைதட்டியிருப்பார்கள். இங்கே சிரித்தார்கள். நம் ஜனம், பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உங்களிடம் கதை கேட்ட ஜனத்தின் பிள்ளைகள், உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் திரும்பி, "அவுக அப்படி எழுதல தம்பி" என்றேன். "சரிங்க டீச்சர், நீங்க படத்தப் பாருங்க" என்றான் ஒருவன். மரியாதையாகத்தான் சொன்னான்.

வீட்டுக்கு வந்து புதுப் பதிப்பை எடுத்துப் பார்த்தேன். சினிமா சினிமாவாக இருக்கட்டும், புத்தகம் இருக்கிறதே என்று ஒரு தைரியம். கடைசிப் பக்கத்துக்குப் போனேன். ஊர் நனைந்து ஆடுகிற இடத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உங்கள் கை படாத இரண்டு வரிகள்: அவளும் ஓடிவந்து அவர்களோடு கலந்துகொண்டாளாம், வானம் சிரித்ததாம். பந்தல் இல்லை. சவரியம்மா உட்காரவில்லை. முதல் பழம் வெடிக்கவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே 'திருத்திய பதிப்பு' என்று போட்டிருக்கிறது.

நாம் வாழ்நாள் முழுக்கத் திருத்தியவர்கள். ஒரு பிள்ளை சரியாகப் போட்ட கணக்கை, விடை அழகாக இல்லை என்று அடித்துவிட்டு, வேறு விடையை எழுதி, கீழே அந்தப் பிள்ளையின் பெயரையே எழுதிவைப்பதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. திருத்தம் என்று நாம் சொல்லிக்கொடுத்ததில்லை.

விருது விழாவுக்காக உங்கள் மகன் வந்திருந்தான். முதல் நாளே என் வீட்டுக்கு வந்தான். உங்கள் நெற்றி அவனுக்கு. டீயைக் குடித்துக்கொண்டே, "பெரியம்மா, அம்மா இருந்தப்ப எத்தன பேரு படிச்சாக? இப்ப ஊரே படிக்குதுல்ல?" என்றான்.

"எதைப் படிக்குது?"

"எல்லாத்துக்கும் சேத்துக் கையெழுத்துப் போட்டாச்சு பெரியம்மா. முடிவு அவங்க இஷ்டம்."

"படத்துக்கு அவுக இஷ்டம். புஸ்தகம் உங்கம்மாவோடதுப்பா. அடுத்த தடவை அச்சடிக்கும்போதாவது அந்த அத்தியாயத்தைச் சேக்கச் சொல்லு. வேறெதுவும் கேக்கல."

என் எதிரிலேயே பதிப்பகத்துக்குப் போன் போட்டு என்னிடம் கொடுத்தான். அங்கிருந்த ஆள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "படம் பாத்துட்டுத்தான் மேடம் ஜனங்க புஸ்தகம் வாங்குறாங்க. முடிவு சோகமா இருந்தா ஏமாந்துருவாங்க."

"ஏமாறட்டுமே" என்றேன். அவர் சிரித்தார். நான் நகைச்சுவையாகச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

போனை வைத்த பிறகு உங்கள் மகனிடம் மெதுவாகக் கேட்டேன். "கடைசி அத்தியாயத்தை நீ படிச்சியா?" டம்ளரைக் கீழே வைத்தான். "அம்மா சொல்லிக் கேட்டிருக்கேன்" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது உங்கள் உதடு காய்ந்திருந்தது. பஞ்சில் தண்ணீர் நனைத்து வைத்தேன். கண்ணைத் திறக்காமல், "முடிவு சரிதான டீச்சர்?" என்றீர்கள். நான் எந்த முடிவு என்று கேட்கவில்லை. "சரிதான்" என்றேன். தலையை ஆட்டினீர்கள்.

விழாவில் எனக்கு இரண்டு நிமிடம் தந்தார்கள். தோழியின் வாழ்த்துரையாம். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் அந்த ஆட்டம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தது. வகுப்பில் பேசுவதுபோல நிதானமாகப் பேசினேன். இதை நீங்கள் எழுதவில்லை என்றேன். உங்கள் அப்பாவின் தோட்டத்தைச் சொன்னேன். சவரியம்மா பந்தலுக்குக் கீழே போய் உட்கார்ந்ததைச் சொன்னேன். அந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தையும் பார்க்காமல் சொன்னேன். தொகுப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, "நட்பின் கண்ணீர்!" என்றார். நான் அழவே இல்லை. கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். சாப்பாடு தயார் என்று அறிவித்தார்கள்.

பந்தி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்றார். நம் பள்ளிக்கூடத்தில் படித்தவர். முருகேசன்; கணக்கில் கெட்டி. இப்போது ஓடைப்பட்டிப் பக்கம் திராட்சை போட்டிருக்கிறார். கையில் உங்கள் புதுப் பதிப்பு. நான் தேடிக்கொண்டிருந்த ஆளே இவர்தான் என்று எனக்குத் தோன்றியது. விவசாயி, படித்தவர், நம்மிடம் படித்தவர்.

"நீங்க சொன்னது நல்லாருந்துச்சு டீச்சர். அந்த மாதிரி முடிஞ்சிருந்தாத்தான் சரி. ஆனா தப்பா நெனைக்காதீக, புஸ்தகத்துல அப்படி இல்லையே?"

"அதை மாத்திட்டாகப்பா."

அவர் முதல் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "திருத்திய பதிப்புன்னு போட்டிருக்கே? அவுகளே மாத்தியிருப்பாகளோ என்னமோ. உடம்புக்கு முடியாம இருந்தாகல்ல. போற நேரத்துல, எல்லாரும் நல்லா இருக்கட்டும்னு தோணியிருக்கும்."

என் பையில் பழைய புத்தகம் இருந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அங்கேயே, வரிசையில் நின்றபடியே, வாய்க்குள் படித்தார். முகம் மாறியது. பிறகு இரண்டு புத்தகத்தையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, ஒரு நல்ல மாணவனுக்குரிய தயக்கத்தோடு சொன்னார்:

"இது மொதல்ல வந்தது டீச்சர். அது அப்பறம் வந்தது. நீங்கதான சொல்லிக் குடுத்தீக, ஒரு கணக்க அடிச்சிட்டுத் திரும்பப் போட்டா, கடைசியாப் போட்டதுக்குத்தான் மார்க்குன்னு?"

ஆமாம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். வருடா வருடம், பரீட்சைக்கு முந்திய நாள், எல்லா வகுப்பிலும். அடித்தது யார் கை என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததில்லை. ஒரு பிள்ளையின் தாளில் வேறொரு கை வந்து அடிக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அதை அவரிடம் சொன்னேன். "ஆமா டீச்சர்" என்றார். பின்னால் இருந்தவர்கள் நகரச் சொன்னார்கள். நகர்ந்தோம். அவர் எனக்கு ஒரு தட்டு எடுத்துக் கொடுத்து, புதுப் பதிப்பைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் புத்தகத்தைக் காட்டுவதில்லை. வாயால் சொல்கிறேன். ரேஷன் கடையில், பஸ்ஸில், மருந்துக் கடையில், அந்தப் படத்தைப் பற்றி யார் சிரித்தாலும் நின்று சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர், சிநேகிதிக்குப் பரிஞ்சு பேசுறாக பாவம் என்பதுபோலப் பார்க்கிறார்கள். என் மருமகள்கூட, "விடுங்க மாமி, அவுகளுக்குத்தான் விருது கெடைச்சிருச்சுல்ல" என்கிறாள்.

உங்களுக்குத் திராட்சை தெரியும் என்று அடித்துச் சொல்ல இந்தப் பள்ளத்தாக்கில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன். எனக்கும் வயதாகிறது, டீச்சர்.